பத்தாவது ஆள்

அத்தியாயம் பதினான்கு

கோட்டைக்குப்பமே திரண்டு வந்து வேடிக்கை பார்த்த அந்த வேன், புயல் பாதுகாப்பு மையத்து வாசலில் நின்று இரண்டு நாளாகிவிட்டது. பெற்ற மகளோடு தனியாக உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்க லோகநாயகிக்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

வழக்கமாகக் கலைவாணி பம்பாயிலிருந்து வந்தால் ஒரு பையோடு வருவாள். இந்தத் தடவை, தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தையே கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். யூதர்கள் நடத்தும் பள்ளிக்கூடம். அங்கே அவள் உயிரியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், ஆசிரியர்கள், பெற்றோர் சிலர் என்று ஒரு கூட்டம். பகலெல்லாம் படகில் போய்ப் பூநாரை பார்த்தார்கள். ஏரித் தண்ணீரைக் குப்பியில் பிடித்து உப்பு அளந்தார்கள். மாலையில் பாதுகாப்பு மையத்து மொட்டை மாடியில் பாடினார்கள்.

எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை எண்ணூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருகிறார்களே, அதற்கு இவள் பதில் என்ன?

வந்து இறங்கிய அன்றே லோகநாயகி கறாராகச் சொல்லியிருந்தாள்: "இத பாரு கலை. வெள்ளிக்கெழம நான் வெளக்கு வெக்கறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடணும். சரின்னா சரி, இல்லன்னா இல்ல. பம்பாய்க்குப் போயி போன்ல சொல்றேன்ற கத இந்தத் தபா நடக்காது."

இன்று வெள்ளிக்கிழமை.

*

விடியும்போதே லோகநாயகி பழவேற்காட்டு ஏலத்துறையில் இருந்தாள். கணவன் ராஜவேலு அதற்கும் முன்பே ஏரிக்குப் போய்விட்டான். இன்று அவனுக்குப் பாடு. ஏரி முகத்தில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. குலுக்கலில் எந்த நாள், எந்த இடம் விழுகிறதோ அதுதான். அந்த முறைக்குத்தான் இந்தப் பக்கம் பாடு என்று பெயர். பாட்டை விட்டவன் அடுத்த முறை வரும்வரை கரையில் உட்கார வேண்டியதுதான்.

ஏலத்தில் எடுத்த கூடையை இறக்கியதும் பூவிழி எட்டிப் பார்த்தாள். பூவிழி, ராஜவேலுவின் தம்பி மனைவி. லோகநாயகியோடு சேர்ந்து மீன் வியாபாரம் செய்பவள்.

"இன்னாக்கா, வெறும் கொடுவாவும் மடவையும் எடுத்துனு வந்துக்கிற? இறாலு எங்க?"

"இறாலு வேணாமாம்."

"நண்டு?"

"அதுவும் வேணாமாம். செதிலும் துடுப்பும் இருக்கற மீனுதான் துண்ணுவாங்களாம். கலை பத்து தபா சொல்லிட்டா."

"பழவேற்காட்டுக்கு வந்து இறாலும் வேணாம், நண்டும் வேணாம்னா, பாவம், இன்னா பாவம் பண்ணாங்களோ." பூவிழி உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

விருந்தாளிக்கு வைக்கும் மீன். லோகநாயகி தன் கையாலேயே அரிந்தாள். ஒரு செதில் விடாமல் சீவி, கல்லில் தேய்த்து, உப்பும் மஞ்சளும் போட்டு அலசினாள். கொடுவாத் துண்டுகள் பளிங்கு போல் வந்தன. பெரிய அலுமினிய அன்னக்கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு பாதுகாப்பு மையத்துக்கு நடந்தாள். மீனைப் பார்த்ததும் அந்தப் பெரிய டீச்சர் அம்மா முகம் மலரப் போகிறது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பெரிய டீச்சரின் பெயர் எப்சிபா. முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டதும், "எப்சிபாவா? அது நம்ம சர்ச் தெரு நர்சம்மா பேராச்சே!" என்று ஊரே அவளைச் சொந்தமாக்கிக்கொண்டது.

எப்சிபா அன்னக்கூடையைப் பார்த்தாள். முகம் மலரவில்லை. துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். பிறகு கலைவாணியைப் பார்த்தாள்.

கலைவாணி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "அம்மா, செதில் எங்கம்மா?"

"இன்னாடி கேக்கற? சீவிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"பின்ன? செதிலோட மீனு வெக்கறதுக்கு நான் இன்னா கத்துக்குட்டியா?"

"செதில் இருக்கறதக் கண்ணால பாத்தாத்தான் அவங்க துண்ணுவாங்க. இப்ப இது எந்த மீனுன்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்?"

"நான் சொல்றேன் இல்ல? கொடுவா! ஏலத்துல எடுத்தேன்! பூவிழியக் கேளு!" லோகநாயகிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு விறுவிறுவென்று வீட்டுப் பின்பக்கம் ஓடினாள். குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழியைத் துரத்திவிட்டு, இரண்டு கையாலும் செதிலை அள்ளிக்கொண்டு வந்து எப்சிபாவின் முன்னால் நீட்டினாள். "இந்தா! செதிலு!"

விரல் இடுக்கு வழியே செதில்கள் வெயிலில் மின்னிக்கொண்டு உதிர்ந்தன.

எப்சிபா ஒரு கணம் திகைத்தாள். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, மீன் நாற்றமடிக்கும் அந்தக் கைகளை அப்படியே தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். கடைசியில் லோகநாயகியும் சிரித்துவிட்டாள். பூவிழி புதிதாக நாலு கொடுவாவை முழுசாகக் கொண்டுவந்தாள். எல்லார் கண் முன்னாலும் அரிந்தார்கள். சீவிய துண்டுகள் தெருவில் நாலு வீட்டுக்குக் குழம்பாயின.

அந்தச் சிரிப்பில் சேராத ஒருவர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரோகேகர் சார். அந்தப் பள்ளிக்கூடத்தில் நாற்பது வருஷமாகப் பிரார்த்தனை சொல்லிக்கொடுத்தவர். ஒல்லியான மனிதர்; தலையில் சின்னக் குல்லா. அவர் ஒரு செதிலை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். கலைவாணி தமிழில் சொன்னாள்.

அவர்களுடைய முன்னோர் வந்த கப்பல் கொங்கணக் கரையில் உடைந்துபோனதாம். ரொம்பக் காலத்துக்கு முன்னால். கரை சேர்ந்தது சில ஆணும் சில பெண்ணும்தான். புத்தகம், பாத்திரம், சாமான் எல்லாம் கடலோடு போயிற்று. கரையில் கிராமங்களில் தங்கி, எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். பாஷை மறந்தது. பிரார்த்தனைகள் மறந்தன. கடவுள் ஒருவரே என்னும் ஒரே ஒரு வரி மட்டும் நினைவில் நின்றது. தாங்கள் யாரென்றே அவர்களுக்குச் சொல்லத் தெரியாமல் போயிற்று.

"அப்புறம்?" பூவிழி அரிவாள்மணையிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள்.

"அப்புறம் எத்தனையோ தலைமுறை கழிச்சு வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வந்தாராம். இவங்க யாரா இருக்கும்னு சந்தேகப்பட்டு, ஒரு கூட மீன அந்த வூட்டுப் பொம்பளைங்க கையில குடுத்து சமைக்கச் சொன்னாராம். அவங்க கூடையக் கொட்டி, செதில் இருக்கற மீன ஒரு பக்கம் வெச்சுட்டு, செதில் இல்லாதத தள்ளிட்டாங்களாம். ஏன்னு கேட்டா, தெரியாது, நாங்க இத துண்றதில்லன்னாங்களாம். அத வெச்சுத்தான் அவரு கண்டுபுடிச்சாராம்."

"மீனா அடையாளம் காட்டிச்சு?" என்றாள் பூவிழி.

லோகநாயகி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அவள் பிறந்ததிலிருந்து மீனை விலைக்காகத் தரம் பிரித்திருக்கிறாள், ருசிக்காகப் பிரித்திருக்கிறாள். எல்லாம் மறந்துபோன பெண்கள், ஒரு கூடை மீனுக்கு முன்னால் உட்கார்ந்து, தாங்கள் யாரென்று தெரியாமலே தங்களைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள்.

*

மத்தியானம் எல்லாம் மாறிப்போயிற்று.

கூட வந்திருந்த பெற்றோரில் ஒரு தம்பதியின் எட்டு வயதுப் பெண்ணுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். ஏறிக்கொண்டே போனது. பயந்துபோய் கார் வைத்துக்கொண்டு மூன்று பேரும் சென்னைக்குக் கிளம்பிவிட்டார்கள். கார் போன பிறகு ரோகேகர் சார் படிக்கட்டில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்று கையசைத்தார்.

"இன்னாடி ஆச்சு அவருக்கு?" லோகநாயகி மகளைச் சமையல் பக்கம் இழுத்துக் கேட்டாள். "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லியே?"

"அதுக்கு சரியாய்டும்மா. வேற விஷயம். இன்னிக்குப் பொழுது சாஞ்சா அவரு வூட்டுக்காரம்மாவுக்கு மொத வருஷ நெனவு நாளு. அதுக்கு ஒரு பிரார்த்தன சொல்லணும். கதீஷ்னு பேரு. தனியா சொல்லக் கூடாது. அவரையும் சேத்து அவங்க ஜனத்துல பத்து பேரு நிக்கணும். அவரு சொல்லச் சொல்ல அவங்க ஆமென் சொல்லணும்."

"இவ்ளோ பேரு இருக்கீங்களேடி?"

"அந்தப் பள்ளிக்கூடத்துல இப்ப பாதிக்கு மேல வேற ஜனம்மா. இந்து, முஸ்லிம், கோளி மீனவங்க எல்லாரும் படிக்கறாங்க. யூதருங்க கொஞ்சம் பேருதான் மிச்சம். இங்க வந்ததுல பதினோரு பேரு இருந்தாங்க. அந்தப் பொண்ணு சின்னவ, அவ கணக்குல இல்ல. அவ அப்பா அம்மா போய்ட்டாங்களா, இப்ப ஒம்போது."

லோகநாயகி மனதுக்குள் ஆட்களை எண்ணிப் பார்த்தாள். கணக்கு இடித்தது. "ஆம்பளைங்க அவ்ளோ பேரு இல்லியே?"

"பொம்பளைங்களையும் சேத்துத்தாம்மா."

"பொம்பளைங்களையுமா எண்ணுவாங்க?"

லோகநாயகிக்கு அதுதான் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அவள் ஊரில் தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். ஊர்க்கூட்டத்தில் எண்ணுவது அவனை. பாட்டில் பங்கு அவனுக்கு. அவளுக்கு ஐம்பது வயதாகிறது. அவளை எதிலும் யாரும் எண்ணியதில்லை.

"முன்னாடி எண்ண மாட்டாங்க. இப்பவும் நெறைய எடத்துல கெடையாது. இந்தப் பள்ளிக்கூடத்துல சண்ட போட்டு மாத்துனது யாரு தெரியுமா? இவரு வூட்டுக்காரம்மாதான். இவருதான் கடைசி வரைக்கும் கூடாதுன்னு நின்னாரு. ரெண்டு பேரும் ஒரு மாசம் பேசிக்கலியாம்."

இருவரும் படிக்கட்டைப் பார்த்தார்கள். அந்த மனிதர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சுக்கு நேராக இரண்டு கைகளும் ஒரு சின்னப் புத்தகத்தைப் பிடித்திருந்தன.

கலைவாணி தாயின் முந்தானையைப் பிடித்தாள். "அம்மா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

வந்த நாளிலிருந்து இதே முகம்தான். இதே "ஒண்ணு சொல்லணும்"தான். ஒவ்வொரு தடவையும் லோகநாயகி ஏதோ வேலை என்று நழுவிக்கொண்டிருந்தாள்.

"யாரு, பையனா?"

"பையன் கியன் எல்லாம் இல்லம்மா..."

"அப்ப வெளக்கு வெக்கற நேரத்துல சொல்லு. நல்ல வார்த்தையா சொல்லு. இப்ப எனக்கு ஒரு வேல இருக்குது."

"இன்னா வேல?"

"ஒரு ஆளுதான கொறையுது?" என்றாள் லோகநாயகி. அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

*

பாடு விழுந்த நாளில் ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்த வீட்டுப் பங்கு கெட்டுப்போகக் கூடாது என்று பக்கத்து வீடு ஒருவனை அனுப்பும். போனவன் அவன் பெயரில் இறங்குவான். அதை ஆள் கொடுப்பது என்பார்கள். ஆள் கொடுக்கக் கேட்டு இல்லையென்று சொன்ன வீடு கோட்டைக்குப்பத்தில் கிடையாது.

ராஜவேலு ஏரியில். அவன் தம்பி, பூவிழியின் கணவன் ஜெகதீஸ்வரன், வீட்டு நிழலில் வலைக்கு மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஜெகா, எந்திரி. குளி. தலைக்குக் குளி. வெள்ள வேட்டி இருக்குதா?"

அவன் ஒரு கண்ணைத் திறந்தான். "இன்னா அண்ணி, எனக்குப் பொண்ணு பாத்துக்கிறியா?"

"ஒண்ண வெச்சே சோறு போடக் காணோம்," என்று உள்ளேயிருந்து பூவிழியின் குரல் வந்தது.

லோகநாயகி விஷயத்தைச் சொன்னாள். மனைவிக்குத் திதி கொடுக்க ஆள் இல்லாமல் ஒரு பெரிய மனுஷன் படியில் உட்கார்ந்திருக்கிறார் என்றதும் ஜெகதீஸ்வரன் எழுந்துவிட்டான். அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"எனக்கு அவங்க பாஷ தெரியாதே?"

"ஆமென்னு சொன்னாப் போதுமாம். சர்ச்சுல சொல்வாங்களே, அது."

"ஆமென்," என்று அவன் சொல்லிப் பார்த்தான். "சரியா கீதா?"

"அடித் தொண்டையிலேர்ந்து சொல்லு," என்றாள் பூவிழி. "துக்கமா சொல்லணும். பந்தியில சாம்பார் கேக்கற மாதிரி சொல்லாத."

சூரியன் சரியத் தொடங்கியபோது ஜெகதீஸ்வரன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு நின்றான். லோகநாயகி தன் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு வந்தாள். கலையின் வார்த்தை இன்னும் வரவில்லை. வரட்டும், முதலில் இது முடியட்டும் என்று நினைத்துக்கொண்டாள். சொல்லப்போனால், அந்த வார்த்தையைத் தள்ளிப்போட இப்படி ஒரு வேலை கிடைத்தது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

*

பாதுகாப்பு மையத்துக் கூடத்தில் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்கள் எழுதிய ஈரச் சுவர், பாதி எரியும் டியூப் லைட் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவைதான். புயலில் இரண்டு இரவு இதே தரையில் ஊரோடு படுத்திருக்கிறாள். இப்போது தரை கழுவி விட்டிருந்தார்கள். மேஜையில் வெள்ளைத் துணி. இரண்டு மெழுகுவத்தி. துணி மூடிய ரொட்டி. உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாறு ஒரு எவர்சில்வர் டம்ளரில். பிள்ளைகள் வரிசையாக வந்து தங்கள் போனை அணைத்து, மேஜையடியில் இருந்த ஒரு மூங்கில் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது லோகநாயகியின் மீன் கூடை. யாரும் அவர்களை அதட்டவில்லை. அவர்களுடைய ஓய்வு நாள் தொடங்குகிறதாம், நாளைப் பொழுது சாயும்வரை தொட மாட்டார்களாம். ஊரில் ஒரு பையனிடமிருந்து போனைப் பிடுங்க அப்பன் படும் பாடு அவளுக்குத் தெரியும். போன் போட்டவர்களில் குங்குமம் வைத்த பெண் இருந்தாள்; தொழுகைக் குல்லா போட்ட பையன் இருந்தான். மெழுகுவத்தி டப்பாவைத் தூக்கிவந்தது அவன்தான்.

கலைவாணியும் தன் போனைக் கூடையில் போட்டாள்.

எப்சிபா மெழுகுவத்தியை ஏற்றினாள். சுடரைச் சுற்றிக் கைகளை வளைத்துத் தன் பக்கம் இழுத்து, கண்களை மூடிக்கொண்டாள். கூடம் முழுவதும் ஒரே சமயத்தில் அமைதியானது. வெளியே என்ஜின் படகு ஒன்று போகும் சத்தம் தூரத்தில் கேட்டுத் தேய்ந்தது. லோகநாயகி தன்னையறியாமல் கை கூப்பினாள். சற்று முன்பு அவள் வீட்டில் ஏற்றிய விளக்கும் இதுவும் ஒரே நேரத்தில் எரிகின்றன என்ற நினைப்பு அவளை என்னவோ செய்தது.

அப்புறம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஜெகதீஸ்வரனை முன்னால் தள்ளினாள்.

"கலை, சாருகிட்ட சொல்லு. நாங்க ஒரு ஆள் குடுக்கறோம். என் கொழுந்தன். தலைக்குக் குளிச்சுக்கிறான். இன்னிக்கு மீனுகூடத் தொடல."

கலைவாணி மராத்தியில் சொன்னாள்.

ரோகேகர் சார் எழுந்து வந்தார். ஜெகதீஸ்வரனின் வலது கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். பிறகு விடுவித்து, தங்கள் வழக்கப்படி விரல் நுனிகளை உதட்டில் வைத்துக்கொண்டார். லோகநாயகிக்கும் அதேபோல் செய்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாரு?"

"கேக்காமயே ஒரு ஊரு தனக்கு ஆள் குடுக்கும்னு கனவுலயும் நெனைக்கலன்றாரு." கலைவாணி நிறுத்தினாள். "ஆனா எண்ணிக்கையில சேக்க முடியாதும்மா."

"ஏன்? எங்க ஆளு மட்டமா?"

"மட்டம் இல்லம்மா. நம்ம பாட்டுல வேற ஊரு ஆளு எறங்க முடியுமா? எவ்ளோ நல்லவனா இருக்கட்டும்."

அது லோகநாயகிக்கும் தெரியும். முடியாது. இறங்கினால் வலையை அறுத்துவிடுவார்கள்.

"அப்ப அந்தம்மாவுக்கு இன்னிக்கு இல்லியா?"

"இல்ல."

ஜெகதீஸ்வரன் தலை குனிந்து படியிறங்கி வெளியே போனான். ரோகேகர் சார் தன் இடத்துக்குத் திரும்பிப் புத்தகத்தை மூடி வைத்தார். பரவாயில்லை, பாட்டு பாடலாம் என்பதுபோல் எப்சிபாவைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை லோகநாயகியால் பார்க்க முடியவில்லை.

"அம்மா," என்றாள் கலைவாணி.

ரோகேகர் சார் சட்டென்று நிமிர்ந்து கையை உயர்த்தினார். கடுமையாக ஏதோ சொன்னார். கலைவாணி அவருக்குப் பதில் சொன்னாள். அவர் மறுபடி கையை ஆட்டினார். எல்லார் பார்வையும் இப்போது லோகநாயகியின் மேல் இருந்தது.

"இன்னாடி நடக்குது இங்க?"

"உனக்குத் தெரியாம வேணாம்ன்றாரு. திருட்டுத்தனமா ஒரு ஆள எண்ணக் கூடாதாம். அதான் ரெண்டு நாளா கணக்குல என்னை விட்டுட்டாரு."

"உன்னையா?"

கலைவாணி தாயின் எதிரில் வந்து நின்றாள். "நான் அவங்கள்ல ஒருத்திம்மா. போன வருஷம், மழைக்கு முன்னாடி. மூணு பேரு சாட்சியா கடல்ல முழுகி எழுந்து அவங்க ஜனத்துல சேந்துட்டேன். வந்ததுலேர்ந்து சொல்லப் பாக்கறேன். நீ வுடல."

லோகநாயகி சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

"யாராச்சும் கட்டாயம் பண்ணாங்களா?"

"மூணு தபா வேணாம்னு திருப்பி அனுப்பினாங்க. மொதல்ல அனுப்பினது அவருதான்."

"அப்ப ஏன்டி? உனக்கு இங்க இன்னா கொற?"

"ஒரு கொறையும் இல்லம்மா." கலைவாணி வார்த்தை தேடினாள். "அங்க சில வெள்ளிக்கெழம பத்து பேரு சேர மாட்டாங்க. வாசலப் பாத்துக்கினு உக்காந்திருப்பாங்க. யாராச்சும் வருவாங்களான்னு. நான் பின்னாடி மூலையில நின்னு பாத்துக்கினு இருப்பேன். ஒரு நாளு, நான் ஏன் மூலையில நிக்கறேன்னு தோணிச்சு. அதுக்கு மேல சொல்லத் தெரிலம்மா."

ஜன்னலுக்கு வெளியே ஏரி செம்பு நிறமாகிக்கொண்டிருந்தது.

"நீ வேணாம்னா நிக்க மாட்டேன்," என்றாள் மகள். "மெய்யாலும் நிக்க மாட்டேன்."

ரோகேகர் சார் வேண்டுமென்றே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். இந்தத் தாயின் மேல் தன் கண்கூடப் பாரமாக இறங்கக் கூடாது என்பதுபோல. அவர் மனைவிக்கான நேரம் வெளியே நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அது போதும். மகள் தன் பக்கம் வந்து நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை தலையில் பூவும் வைத்துக்கொள்வாள் போலிருந்தது. ஆனால் ஓடிப்போய் ஆள் தேடியது யார்? குளிக்க வைத்து, வேட்டி கட்ட வைத்து, இழுத்துக்கொண்டு வந்தது யார்? தேடிய ஆள் தன் வயிற்றில் பிறந்து பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகை வந்தது. இரண்டுக்கும் அடியில், பெயர் சொல்லத் தெரியாத ஒரு பயம், கடல் பெரிதாக இருக்கும் நாளில் கரையில் நின்றால் வருமே, அதுபோல ஒன்று வந்தது.

"இன்னாடி நின்னுக்கினு இருக்க?" என்றாள். ஏலத்துறையில் பேசும் குரல். "பொழுது எறங்குது. போ."

கலைவாணி போனாள். எப்சிபாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ரோகேகர் சார் புத்தகத்தைத் திறந்தார். ஆனால் பார்க்கவில்லை. கிழட்டுக் குரல் முதலில் நடுங்கி, பிறகு தன் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, படகு துறைக்கு வெளியே போவதுபோலச் சீராகப் போயிற்று. ஒரு சொல்லும் லோகநாயகிக்குப் புரியவில்லை. அவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர்கள் சேர்ந்து சொன்னார்கள்: ஆமென். மற்ற பிள்ளைகள் பின்னால் கைகட்டி, வாய் திறக்காமல், அந்தப் பத்து பேருக்கு ஒரு கரை கட்டியதுபோல நின்றார்கள்.

இரண்டாவது ஆமெனில் மகளின் குரல் தனியாகக் காதில் விழுந்தது. ஏரிக்கு அக்கரையிலிருந்து கூப்பிட்டாலும் தெரியும் குரல். அது அந்தக் குரல்களோடு சேர்ந்து எழும்பியபோது, ஒரு கூடை மீனைக் கொட்டிப் பிரித்த அந்தப் பெண்களை லோகநாயகி நினைத்தாள்.

"அண்ணி," வெளியேயிருந்து திரும்பி வந்த ஜெகதீஸ்வரன் கிசுகிசுத்தான். "என்னைச் சேத்துக்க மாட்டோம்னாங்க. கலை மட்டும் எப்டி அங்க நிக்கறா?"

"ஆளு கொறஞ்சுது இல்ல? நாமதான குடுக்கறோம்னோம்."

"அதுக்கு?"

"குடுத்துட்டோம்."

அப்போதுதான் படியில் தடதடவென்று காலடி கேட்டது. ராஜவேலு. ஈர லுங்கியும், தலையில் துண்டும், முகமெல்லாம் சிரிப்புமாக வாசலுக்கு வந்துவிட்டான்.

"லோகா! இங்கயா கீற? பாடு இன்னிக்கு ஷோக்கா வுழுந்துச்சு! இன்னொண்ணு கேட்டியா, எண்ணூர்க்காரங்க போன் பண்ணாங்க. ஞாயித்துக்கெழம இல்லியாம், நாளைக்கே பூ..."

லோகநாயகி உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேராக உயர்த்தினாள். முப்பது வருஷத்தில் அவள் அவனிடம் அப்படிக் கை காட்டியதில்லை. ராஜவேலுவின் வாய் திறந்தபடியே நின்றது.

"முடியட்டும்," என்றாள்.

அவன் அவளைத் தாண்டி உள்ளே பார்த்தான். மெழுகுவத்திகளைப் பார்த்தான். குல்லா போட்ட கிழவரைப் பார்த்தான். வட்டமாக நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் நின்றான். தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

"லோகா," என்றான், குரலைத் தாழ்த்தி. "அது நம்ம கலைதான?"

உள்ளே மறுபடி ஆமென் எழுந்து அடங்கியது.

லோகநாயகி கணவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே நிற்பவளை, நெற்றியிலிருந்து பாதம்வரை, ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "கலைதான்."